பெட்டி நம்முடையது, மேய்ச்சல் ஊருடையது

தோட்டத்தில் நாலு தேனீப் பெட்டி வைத்தால் வீட்டுக்குத் தேனும் ஆச்சு, காய்ப்பும் கூடும் என்று கணக்குப் போடுகிறவர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நகரத்து வேலையை விட்டுவிட்டு நிலம் வாங்கியவர்கள் ஒரு பக்கம். மானியத்தில் பெட்டி கிடைக்கிறது என்று கேள்விப்பட்டவர்கள் இன்னொரு பக்கம். பெட்டி என்ன விலை, ஒரு பெட்டிக்கு எத்தனை கிலோ, கொட்டினால் என்ன செய்வது என்று மூன்றைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். இந்த மூன்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. பெட்டி வைக்கப்போகும் இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் பன்னிரண்டு மாதமும் என்ன பூக்கிறது?

நம் ஊர் இந்தியத் தேனீ பெரும்பாலும் அந்தத் தொலைவுக்குள்தான் மேயும். ஒரு கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால் பரப்பு ஏறத்தாழ 775 ஏக்கர் வரும். ஆக, இரண்டு ஏக்கர்காரர் வளர்க்கும் தேனீ 773 ஏக்கருக்கு அடுத்தவர் நிலத்தில் மேய்ந்துவிட்டு வருகிறது. அங்கே யார் எதை விதைக்கிறார், எந்த மரத்தை வெட்டுகிறார், எந்த மருந்தை எத்தனை மணிக்கு அடிக்கிறார் என்பதெல்லாம் பெட்டிக்காரர் கையில் இல்லை. தேனீ வளர்ப்பின் லாபமும் நட்டமும் முக்கால்வாசி இங்கேயே முடிவாகிவிடுகிறது. பெட்டியைப் பராமரிக்கும் சாமர்த்தியத்துக்கு மீதிக் கால்வாசிதான்.

தமிழ்நாட்டில் இதற்குத் தெளிவான சாட்சி மார்த்தாண்டம். தேனீ வளர்ப்பு என்றதும் கன்னியாகுமரி மாவட்டத்தின் இந்த ஊர் நினைவுக்கு வருவது தற்செயல் இல்லை. பெட்டி வருவதற்கு முன்னும் மண்பானையிலும் மரப்பொந்திலும் தேனீயைக் குடிவைத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் தேன் வேண்டுமென்றால் அடையைப் பிய்த்துப் பிழிய வேண்டும். தேனோடு புழுவும் மகரந்தமும் சேர்ந்து வரும். கூட்டம் அத்தோடு சிதறிவிடும். அடைக்கும் அடைக்கும் நடுவே தேனீ நடமாட ஒரு குறிப்பிட்ட இடைவெளி விட்டால் அது அங்கே மெழுகு வைத்து அடைக்காது என்பதை அமெரிக்காவின் லாங்ஸ்ட்ராத் 1851இல் கண்டுகொண்டார். சட்டம் சட்டமாகக் கழற்றி மாட்டும் பெட்டி அதிலிருந்து பிறந்தது. அந்தப் பெட்டி ஐரோப்பியத் தேனீயின் அளவுக்குச் செய்தது. திருச்சியில் இருந்த ஏசுசபைப் பாதிரியார் நியூட்டன் 1910 வாக்கில் நம் சிறிய தேனீக்கு ஏற்றபடி அதைச் சுருக்கி, புழு அறைக்கு ஏழு சட்டம் கொண்ட பெட்டியாக்கினார். இன்றும் தென் மாவட்டங்களில் ஓடுவது அநேகமாக நியூட்டன் பெட்டிதான். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், வீட்டுக்கு வீடு செய்யக்கூடிய உபதொழில்களில் ஒன்றாகத் தேனீ வளர்ப்பைப் பரப்பினார். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம்.

பெட்டியும் பயிற்சியும் மட்டும் ஒரு ஊரைத் தேன் ஊராக்கிவிடாது. அதே பெட்டியும் அதே பயிற்சியும் பல ஊர்களுக்குப் போயின. அங்கெல்லாம் இந்த அளவுக்குத் தொழில் நிலைக்கவில்லை. மார்த்தாண்டத்தைத் தூக்கிவிட்டது ரப்பர்.

ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதில்லை என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. டிசம்பர், ஜனவரியில் ரப்பர் மரம் மொத்தமாக இலை உதிர்க்கும். பிறகு செம்பு நிறத்தில் தளிர் விடும். ஒரு காம்பில் மூன்று சிற்றிலை. அந்த மூன்றும் கூடுகிற இடத்தைக் கிட்டத்தில் பார்த்தால் கடுகளவு சுரப்பிகள் தெரியும். காலை வெயிலில் அவற்றின் மேல் ஈரம் பளபளக்கும். தொட்டு நாக்கில் வைத்தால் இனிப்பு. இலை முற்றும் வரை இந்தச் சுரப்பு உண்டு. பல நூறு ஏக்கரில் ஒரே நேரத்தில் தளிர்க்கும் மரங்கள், ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான இலைகள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தோட்டமே சர்க்கரைத் தண்ணீர் சொட்டும் கடையாகிவிடுகிறது. நல்ல வருஷத்தில் ஒரு பெட்டி 10 முதல் 15 கிலோ கொடுப்பது இந்த மூன்று மாதத்தில்தான். இலை துளிர்க்கும் சமயத்தில் பனியும் மேகமூட்டமுமாக இருந்து சாம்பல் நோய் விழுந்தால் தளிர் கொட்டிவிடும். தேனும் அதோடு போச்சு.

ஆனால் ரப்பரில் தேனீக்கு உதவுகிற மகரந்தம் கிட்டத்தட்ட இல்லை. தேன் என்பது தேனீக்குச் சோறு, மகரந்தம்தான் பருப்பு. புழு வளர்க்க மகரந்தம் வேண்டும். வெறும் ரப்பர் காட்டுக்குள் ஆண்டு முழுக்கப் பெட்டி இருந்தால் கூட்டம் தேய்ந்துவிடும். அதனால்தான் குமரி மாவட்டத்துத் தேனீக்காரர்களின் ஆண்டு வேறு மாதிரி ஓடுகிறது. அக்டோபர் முதல் தென்னையும் களைப் பூக்களும் கைகொடுக்கும்போது கூட்டத்தைப் பெருக்குவது, ஜனவரிக்குள் பிரித்து இரட்டிப்பாக்குவது, பிறகு லாரியில் ஏற்றிக் கேரளத்து ரப்பர்த் தோட்டங்கள் வரை கொண்டுபோய் வைப்பது, ஏப்ரல் கடைசியில் தேன் எடுத்து முடித்து, ஜூன் முதல் செப்டம்பர் வரை சர்க்கரைப் பாகு ஊற்றிக் கூட்டத்தை உயிரோடு வைத்திருப்பது. ஓரிடத்தில் பெட்டியை வைத்துவிட்டுத் தேன் வரும் என்று காத்திருப்பவர் இந்தத் தொழிலில் ஒருவரும் இல்லை.

வானம் பார்த்த மாவட்டங்களில் கணக்கு வேறு. வேம்பு, புங்கன், புளி மூன்றும் வெயில் காலத்தில் அடுத்தடுத்துப் பூக்கும். எள்ளும் சூரியகாந்தியும் விதைப்பைப் பொறுத்தவை. மக்காச்சோளமும் கம்பும் மகரந்தம் தரும், தேன் தராது. ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலம் நல்ல தேன் மரம். ஊரே வேரோடு பிடுங்கத் துடிக்கும் மரத்தைத் தேனீக்காரர் மட்டும் வேறு கண்ணால் பார்ப்பார். அதற்காக அதை நடச் சொல்லவில்லை. எல்லா மாவட்டத்திலும் தேனீக்காரருக்குக் கடைசித் துணை தென்னைதான். மாதம் ஒரு பாளை வெடிப்பதால், வேறெதுவும் பூக்காத நாளிலும் அதில் கொஞ்சம் தேனும் மகரந்தமும் உண்டு. நாலு பக்கமும் தென்னந்தோப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பெட்டி வாங்குவது, பெட்டியின் மரம் தேக்கா வேம்பா என்று ஆராய்வதைவிடப் புத்திசாலித்தனம்.

எந்தத் தேனீ என்ற கேள்விக்கு வருவோம். பாறையிலும் உயர்ந்த மரத்திலும் ஒற்றை அடை கட்டும் மலைத்தேனீயையும், புதரில் உள்ளங்கை அளவு அடை வைக்கும் கொம்புத் தேனீயையும் பெட்டிக்குள் அடைக்க முடியாது. இரண்டுக்கும் வெளிச்சம் வேண்டும். கொடுக்கில்லாத கொசுத்தேனீயைச் சின்னப் பெட்டியிலும் மூங்கிலிலும் வளர்க்கலாம். தேன் சொற்பம், விலை அதிகம். மீதி இரண்டு: அடுக்கடுக்காக அடை கட்டும் இந்தியத் தேனீ, அயலிலிருந்து வந்த இத்தாலியத் தேனீ.

இத்தாலியத் தேனீ இந்தியாவில் வேரூன்றியது 1962இல், இன்று இமாசலப் பிரதேசத்தில் இருக்கும் நக்ரோட்டா பக்வானில். பஞ்சாப், அரியானா, ராஜஸ்தானின் கடுகுக் காடுகளில் அது ஒரு பெட்டிக்கு 30 கிலோ, அதற்கு மேலும் கொடுக்கும். சாந்தமானது, கூட்டைவிட்டு எளிதில் ஓடாது. இந்தச் சிறப்பைக் கேட்டு இரண்டு ஏக்கர் நிலத்துக்கு அதை வாங்குகிறவர்கள், அதன் வாயைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு கூட்டத்தில் நாற்பது, ஐம்பதாயிரம் வேலைக்காரத் தேனீ இருக்கும். பூ இல்லாத மாதத்தில் அத்தனைக்கும் பாகு ஊற்ற வேண்டும். ஊர் ஊராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய ஆளும் வண்டியும் இருப்பவருக்கு அது தொழில். ஒரே இடத்தில் வைத்திருப்பவருக்குச் செலவு. தவிர, வரோவா என்கிற உண்ணி ஆதியில் நம் இந்தியத் தேனீயின் மேல் வாழ்ந்தது. நம் தேனீக்கு அதை உடம்பிலிருந்து தட்டிவிடத் தெரியும். இத்தாலியத் தேனீக்கு அந்த வித்தை போதாது. ஆகவே அதற்கு மருந்து வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

என் கட்சி இந்தியத் தேனீ. அதன் குறைகளும் சின்னவை அல்ல. பசித்தால் ஓடும், அடிக்கடி திறந்து பார்த்தால் ஓடும், எறும்பு ஏறினால் ஓடும். மெழுகுப் பூச்சி அடைக்குள் நூலாம்படை போலப் பின்ன ஆரம்பித்தால் சொல்லாமல் கொள்ளாமல் ஓடும். காலையில் பெட்டி நிறைய இருந்தது, மத்தியானம் காலி என்பார்கள். பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது, அடிப்பலகையில் சேரும் மெழுகுத் தூளை வாரம் ஒருமுறை துடைப்பது, காலி அடைகளைப் பெட்டியில் விட்டுவைக்காமல் எடுத்துவிடுவது என்று இதற்கெல்லாம் சின்னச் சின்ன வைத்தியங்கள்தான் உண்டு. செய்கிறவர் பெட்டியில் தேனீ தங்குகிறது.

கூட்டம் பிரிவதும் ஓடுவதும் ஒன்றல்ல. புதிதாக வளர்க்கிறவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார். ஓடுவது கஷ்டத்தில், பிரிவது செழிப்பில். பிரியப்போகும் கூட்டம் முன்கூட்டியே சொல்லிவிடும். முதலில் ஆண் தேனீ அறைகள் கூடும். இந்தியத் தேனீயின் ஆண் அறை மூடியில், நடுவில் ஊசி குத்தியது போல ஒரு துளை இருக்கும்; சட்டத்தைத் தூக்கியதும் கண்ணில் படும். அதன்பின் அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலைத் தோல் மாதிரி ராணி அறைகள் தொங்கும். அப்போதே பாதிச் சட்டங்களை வேறு பெட்டிக்கு மாற்றிப் பிரித்துவிட்டால் ஒரு பெட்டி இரண்டாகும். விட்டுவிட்டால் பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு யார் வீட்டு மாமரத்திலோ போய்த் தொங்கும். முட்டையிலிருந்து ராணி வெளிவர ஏறத்தாழ 16 நாள், பறந்து இணைசேர்ந்து முட்டையிட மேலும் ஒன்றிரண்டு வாரம். தேன் சீசன் தொடங்கிய பிறகு பிரித்தால் இந்த ஒரு மாதம் வீண். அந்த ஆண்டின் தேனே அதில் போய்விடும்.

இந்தியத் தேனீயின் பெரிய சோதனை 1991இல் வந்தது. தாய்லாந்தில் முதலில் கண்டறிந்த பை நோய் வைரஸ் அந்த ஆண்டு கேரளத்தில் தலைகாட்டி, ஓராண்டுக்குள் குமரி மாவட்டத்தையும் மற்ற தென்னிந்தியப் பகுதிகளையும் வாரிக்கொண்டு போனது. பத்தில் ஒன்பது கூட்டத்துக்கு மேல் அழிந்தன. நோய் கண்ட அடையைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை. மூடி போடும் பருவத்தில் இருக்கும் புழு, அறைக்குள் மல்லாந்து நீட்டிக் கிடக்கும். தலை மேல்நோக்கிக் கூர்ந்திருக்கும். குறட்டால் எடுத்தால் தோல் கிழியாமல், உள்ளே நீர் தளும்பும் பையாகவே வரும். வேலைக்காரத் தேனீக்கள் செத்ததை இழுத்து வெளியே போட்டுப் போட்டு ஓய்ந்து, பிறக்க ஆள் இல்லாமல் கூட்டம் கரைந்துபோகும். அதற்கு அன்றும் மருந்து இல்லை, இன்றும் இல்லை. ராணியைச் சில நாள் கூண்டில் அடைத்து முட்டையிடுவதை நிறுத்தி, நோய்ச் சங்கிலியை அறுத்துப் பார்ப்பார்கள். நோயுற்ற அடையை எரிப்பார்கள். உண்மையில் தொழிலை மீட்டது, தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு கூட்டங்களிலிருந்து மறுபடி பெருக்கியதுதான். இயற்கையே பொறுக்கித் தந்த விதை அது. இன்றைக்குப் புதிதாகப் பெட்டி வாங்குகிறவர் இந்தப் பாடத்தைக் கொஞ்சம் நினைத்துக்கொண்டால், தூரத்து ஊரிலிருந்து கூட்டம் வரவழைக்காமல், தன் ஊர்ப் பனையிலும் பொந்திலும் பல ஆண்டாகப் பிழைத்திருக்கும் கூட்டத்தைப் பிடித்துக் குடிவைப்பார்.

மானியத் திட்டங்கள் தடுமாறுவதும் மேய்ச்சலில்தான். 2020இல் மத்திய அரசு தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்துக்கு 500 கோடி ரூபாய் அறிவித்தது. பணம் வருவது நல்லதே. ஆனால் பெட்டியை எண்ணலாம், பூவை எண்ண முடியாது. திட்ட அறிக்கைக்கு எண்ணக்கூடியதுதான் வேண்டும். பூ இல்லாத ஜூலையில் பெட்டி வழங்கினால் செப்டம்பரில் அது கோழி அடைகாக்கும் கூடு.

மேய்ச்சல் நிலத்தில் பட்டினி ஒரு ஆபத்து என்றால், நஞ்சு மற்றொன்று. இமிடாகுளோப்ரிட் போன்ற நியோனிகோட்டினாய்டு மருந்துகள் செடியின் சாற்றில் கலந்து பூந்தேனுக்கும் மகரந்தத்துக்கும் வந்துவிடும். தேனீ உடனே சாகாமல், வழி மறந்து கூடு திரும்பாமல் போவதும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இந்த வகையில் மூன்று மருந்துகளைத் திறந்தவெளிப் பயிர்களுக்குத் தடை செய்தது. இங்கே அவை மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. பக்கத்து வயல்காரர் காலை ஒன்பது மணிக்குப் பூத்த சூரியகாந்தியில் தெளித்தால், மாலையில் பெட்டி வாசலில் செத்த தேனீயைக் கையால் அள்ளலாம். அதையே அந்திக்கு மேல் தெளித்தால் சேதம் பெருமளவு குறையும். முந்தைய நாளே சொன்னால் இரவோடு பெட்டியை நகர்த்தலாம், அல்லது ஈரச் சாக்கு போட்டு மூடி வைக்கலாம். நம் வெயிலில் அரை நாளுக்கு மேல் மூடி வைத்தால் உள்ளேயே வெந்து சாகும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆபத்து வயலில் மட்டும் இல்லை. டீக்கடைக் குப்பையில் சர்க்கரை ஒட்டிய காகிதக் கோப்பைகளுக்குள் தேனீக்கள் கூட்டம் கூட்டமாகச் சாவதைத் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் 2011இல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். பஸ் நிலையத்துக்கு அருகே பெட்டி வைத்திருப்பவருக்கு அது புதுச் செய்தியாக இருந்திருக்காது.

எடுத்த தேனை விற்பது தனிப் பாடு. மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயரைக் காக்கும். ஈரத்தை வற்ற வைக்காது. தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது உணவுப் பாதுகாப்புத் தரம். ஈரக் காற்று வீசும் ரப்பர்க் காட்டில் இந்தியத் தேனீ சேர்க்கும் தேன் அதைத் தாண்டி நிற்பது வழக்கம்; நுரைத்துப் புளித்துவிடும். அறையை மெழுகால் மூடும் வரை பொறுத்து எடுத்தால் ஈரம் குறையும். ஆனால் சுரப்பு பொங்கும்போது பொறுத்தால் இடமில்லாமல் தேனீ வேலையை நிறுத்தும் என்று சீக்கிரம் எடுக்கிறார்கள், பிறகு சூடாக்கி வற்ற வைக்கிறார்கள். சூடு கூடினால் மணமும் நொதிகளும் போகும். நாலு பெட்டிக்காரருக்கு இந்த நெருக்கடி இல்லை. மேல் தேன் அறை ஒன்று கூடுதலாக வைத்து, மூடிய அடையை மட்டும் எடுத்தால் போதும். பெரிய வியாபாரியைவிட நல்ல தேன் அவரிடம் இருக்க இது ஒன்றே காரணம்.

அதை வாங்குகிறவர் நம்ப வேண்டுமே! 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளைச் சோதித்தபோது, ஜெர்மனியில் செய்த காந்த ஒத்ததிர்வுச் சோதனை உட்பட அனைத்திலும் தேறியவை மூன்றுதான். அரிசியிலிருந்தும் கிழங்கிலிருந்தும் காய்ச்சும் பாகுகள் சாதாரண ஆய்வகத்தையே ஏமாற்றுகின்றன. இதில் தண்ணீரில் சொட்டு விடுவது, தீக்குச்சியை நனைத்துக் கொளுத்துவது, நாய் நக்குகிறதா என்று பார்ப்பது எல்லாம் பொழுதுபோக்கு. ரப்பர்த் தேனும் கடுகுத் தேனும் குளுக்கோஸ் அதிகம் என்பதால் சீக்கிரம் உறையும். சுத்தமான தேனைச் ‘சீனி கலந்திருக்கிறாய்’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, என்றும் உறையாத பாகைக் கடையில் வாங்கிப் போகிறவர்களுக்குப் பதில் சொல்லியே தேனீக்காரர்கள் சலித்துப்போனார்கள். இன்னொன்றையும் விற்கும்போதே சொல்லிவிடுவது நல்லது: பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைக்கத் தேன் கூடாது. ஒரு வயது வரை, பாட்டுலிசம் கிருமியின் வித்துக்களைத் தாங்கும் குடல் குழந்தைக்கு இல்லை.

காய்ப்பு கூடும் என்ற பேச்சையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பூசணி, பாகல், பீர்க்கு, வெள்ளரி, தர்ப்பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. தேனீ வராவிட்டால் பிஞ்சு வெம்பி உதிரும். சூரியகாந்தி, ஏலம், வெங்காய விதை உற்பத்தி ஆகியவற்றில் பலன் கண்கூடு. தென்னையிலும் பிடிக்கும் குரும்பை கூடுகிறது. நெல்லுக்கு ஒன்றும் இல்லை. வாழைப் பூவில் தேனீ மொய்க்கும், வயிறு நிறையும். வாழைக்குக் காய்க்க அது தேவையே இல்லை. தக்காளி, கத்தரிப் பூக்களில் மகரந்தத்தை உதிர்க்கச் சிறகுத் தசைகளை அதிர்த்து ரீங்கரிக்க வேண்டும். பெட்டித் தேனீக்கு அது வராது. அதைச் செய்வது காட்டுத் தேனீக்களும் மரத்தில் துளை போடும் கருவண்டும். பட்ட மரத்தை எல்லாம் விறகாக்கிவிட்டுப் பெட்டி மட்டும் வைத்தால் கத்தரிக்காய்க்காரருக்கு லாபமில்லை.

இதில் காசு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதுதான் விசித்திரம். கலிபோர்னியாவில் ஒவ்வொரு பிப்ரவரியும் பாதாம் பூக்கும்போது இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் லாரிகளில் வந்து இறங்குகின்றன. பெட்டிக்குச் சுமார் 200 டாலர் வாடகை, கொடுப்பது தோட்டக்காரர். இமாசலத்து ஆப்பிள் தோட்டக்காரர்களும் பூக்கும் சில வாரத்துக்குப் பெட்டிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து வைத்துக்கொள்கிறார்கள். ரப்பர்த் தோட்டத்திலோ பெட்டி வைக்கத் தேனீக்காரர்தான் பணமோ தேனோ கொடுக்கிறார். ரப்பருக்குத் தேனீயால் ஆகவேண்டியது எதுவும் இல்லாததால் அது நியாயமே. தர்ப்பூசணி போடுகிறவரும் சூரியகாந்தி போடுகிறவரும் அதே பழக்கத்தில், ‘என் பூவிலிருந்து எடுக்கிறாய், எனக்கென்ன தருவாய்’ என்று கேட்பதுதான் இடிக்கிறது. சில இடங்களில் தேனீ சாற்றை உறிஞ்சிப் பூவைக் கெடுக்கிறது என்று பெட்டியையே அனுமதிப்பதில்லை.

ஆகவே பெட்டி வாங்கும் முன் ஒரு வாரம் சுற்றுவட்டத்தில் நடந்து வருவது நல்லது. யார் யார் நிலம், என்ன பயிர், எப்போது மருந்து என்று குறித்துக்கொண்டு, தெளிப்பதற்கு முந்தைய நாள் ஒரு போன் செய்யச் சம்மதிக்கும் நாலு பேரைப் பிடிக்க வேண்டும். பூசணிக்காரர் யாராவது அகப்பட்டால் முதல் இரண்டு பெட்டியை அவர் வரப்பில் இலவசமாகவே வைத்துக் கொடுக்கலாம். ஒரு பட்டம் பிஞ்சு பிடித்துப் பார்த்துவிட்டால் வாடகைப் பேச்சை அடுத்த பட்டத்தில் அவரே தொடங்குவார். தொடங்காவிட்டாலும், மருந்து அடிக்கும் நேரத்தை மாலைக்கு மாற்றச் சொல்ல ஒரு உரிமை கிடைத்திருக்கும்.